ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகள் நமக்குச் சொல்லும் கணக்கு

"ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்" என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று நம் கடை வாசலில் சரக்குக்காகக் காத்து நின்றவர் இன்று நமக்குப் போட்டியாகக் கடை வைத்திருக்கிறார். வியாபாரத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறித்தான் வரும்.

ஆனால் ஒரு தேசத்தில் இந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து நடந்தேறியது. இருநூறு ஆண்டுகளாகப் படகில் போன சரக்கெல்லாம் ரயிலிலும் லாரியிலும் ஏறிவிட்டது. படகுகள் வெறுமையாக நின்றன. பிறகு மனிதர்கள் அந்தப் படகுகளிலேயே குடியேறினார்கள். குடியேறியவர்களுக்குச் சரக்கு விற்க, பழைய சரக்குப் படகுகளே மறுபடி கிளம்பின. அந்தத் தேசம் இங்கிலாந்து. அந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். நம் கடைத்தெருவுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

குதிரை முதுகிலிருந்து தண்ணீருக்கு

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாலைகள் மோசம். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். சரக்கைக் குதிரையின் முதுகில் பொதியாக ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஒரு குதிரை சுமப்பது ஒன்றிரண்டு மூட்டை. அதே குதிரையைக் கரையில் நடக்கவிட்டு, கயிறு கட்டித் தண்ணீரில் படகை இழுக்கச் செய்தால் 25 டன் வரை இழுத்துவிடும். இந்த ஒரு கணக்குதான் அந்த நாட்டையே மாற்றியது.

1761ஆம் ஆண்டு பிரிட்ஜ்வாட்டர் பிரபு என்பவர், தம் சுரங்க நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டினார். அதை அமைத்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர். கால்வாய் திறந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. போக்குவரத்துச் செலவு விலையில் எவ்வளவு பங்கு என்பதை ஊரே அன்று கண்கூடாகப் பார்த்தது.

அடுத்து வந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் வியாபாரி. குதிரை முதுகில் அனுப்பிய பீங்கான் வழியிலேயே உடைந்தது. சேதாரம் போக மிஞ்சியதில்தான் லாபம். கண்ணாடிச் சாமானும் முட்டையும் விற்கும் நம் நண்பர்களுக்கு அவர் பட்ட பாடு புரியும். தண்ணீரில் குலுக்கல் இல்லை. ஆகவே அவரே முன்னின்று டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாய்க்கு ஆதரவு திரட்டினார். 1766இல் முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. 1777இல் கால்வாய் முடிந்தது.

மேடு பள்ளமான நாட்டில் படகு எப்படி ஏறி இறங்கும் என்று கேட்கலாம். அதற்கு 'லாக்' என்ற அமைப்பு. இருபுறமும் கதவு வைத்த ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரைத் திறந்து விடுவார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். பிறகு முன்கதவைத் திறந்து மேல்மட்டக் கால்வாயில் போய்விடலாம். ஒரு முறை நிரப்ப ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். தொட்டியை அகலமாகக் கட்டினால் செலவும் கூடும், தண்ணீரும் கூடும். எனவே பிரிண்ட்லி இதைச் சுமார் 7 அடி அகலமாகக் கட்டினார். அதற்குள் நுழைய வேண்டுமே என்று படகும் 7 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் சுமார் 70 அடி நீளமும் கொண்டதாயிற்று. நம் ஊரில் ஒரு சிறு மளிகைக் கடையின் முகப்பு அகலம்கூட இராது. 'நேரோபோட்', அதாவது ஒடுக்கப் படகு என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

குடும்பமே கூலியாள்

1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் வந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நாடெங்கும் ரயில் பரவ, கால்வாய் வாடகை சரிந்தது. படகுக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்தார்? கூலியாளை நிறுத்திவிட்டு மனைவியையும் மக்களையும் படகில் ஏற்றிக்கொண்டார். கரையில் வீட்டு வாடகை மிச்சம், ஆள் கூலியும் மிச்சம். போட்டி வந்தால் சிறு வியாபாரி முதலில் வெட்டுவது தன் சொந்தச் சௌகரியத்தைத்தான். எந்த நாட்டிலும் இதுவே வழக்கம்.

படகின் பின்கோடியில் ஏறக்குறைய 10 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள ஓர் அறை. அதுதான் குடும்பம் முழுவதற்கும் வீடு. அடுப்பு, மடக்கு மேசை, இரவில் இழுத்துப் போட்டால் கட்டிலாகும் பலகை எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு படகில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு விதித்து 1877இலும் 1884இலும் சட்டங்கள் வந்தன. ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் படகைப் பார்த்தால் ஏழ்மை தெரியாது. கதவிலும் வாளியிலும் ரோஜாப்பூவும் கோட்டையும் வண்ணத்தில் எழுதி, பித்தளையைப் பளபளவென்று துலக்கி வைத்திருப்பார்கள்.

இவர்களை நம்பிக் கால்வாய்க் கரையில் கடைகள் இருந்தன. லெஸ்டர்ஷையர் மாவட்டத்தில் மெஷம் என்ற சிற்றூர். அங்கே பழுப்பு நிற மெருகு பூசி, பூக்கள் ஒட்டிய பெரிய தேநீர்க் கெண்டி விற்பார்கள். மூடியின் உச்சியில் இன்னொரு குட்டிக் கெண்டி இருக்கும். படகுக்காரர் சரக்கோடு போகும்போது, என்ன பெயர், என்ன வாசகம் வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது அதைப் பதித்த கெண்டி தயாராக இருக்கும். வாடிக்கையாளர் எந்த வழியில், எப்போது திரும்புவார் என்று அறிந்து வியாபாரம் செய்த கடை அது.

சொந்தப் படகு வைத்திருந்தவரை 'நம்பர் ஒன்' என்பார்கள். மற்றவர்கள் கம்பெனிப் படகை ஓட்டினார்கள். 1889இல் உருவான ஃபெலோஸ் மார்ட்டன் அண்ட் கிளேட்டன் என்ற கம்பெனி அவற்றுள் மிகப் பெரியது. நிலக்கரியும் இரும்பும் மட்டுமா? சர்க்கரையும் தேயிலையும் மற்ற பலசரக்கும் கால்வாயில்தான் போயின.

மளிகைக் கடையும் கால்வாய்த் துறையும்

நம் தொழிலுக்குப் பெருமை தரும் இரண்டு செய்திகள் இங்கே சொல்லத் தக்கவை. கேட்பரி சாக்லேட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் கேட்பரி, 1824இல் பர்மிங்காம் நகரில் தேயிலையும் காப்பியும் விற்ற கடைக்காரர். பின்னாளில் அவர் வாரிசுகள் ஊருக்கு வெளியே போர்ன்வில் என்ற இடத்தில் ஆலை கட்டினார்கள். கால்வாய் ஓரம் பார்த்தே இடம் பிடித்தார்கள். நைட்டன் என்ற ஊரில் பால், சர்க்கரை, கோகோ சேர்த்துக் காய்ச்சிய கலவை, படகில் போர்ன்வில்லுக்கு வந்தது. இந்தப் போக்குவரத்து 1961 வரை நடந்தது.

அதே பர்மிங்காமில் 1903இல் ஜான் சம்னர் என்ற மளிகைக்காரர் டைஃபூ தேயிலையை அறிமுகம் செய்தார். அவர் விற்றது சிலோன் தேயிலை. சிலோன் மலைத்தோட்டங்களில் அன்று கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து போன நம் தமிழ் மக்கள். அவர்கள் கூடையில் விழுந்த இலை கடல் கடந்து, கால்வாய் கடந்து பர்மிங்காம் போய்ச் சேர்ந்தது. ஆலையை ஒட்டிய படகுத் துறைக்கு டைஃபூ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மூன்று மாதப் பனி

இனிமேல்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் படகுக்கு இன்ஜின் வந்துவிட்டது. முன்படகைக் கணவர் ஓட்ட, பின்னால் கட்டிய இழுபடகின் சுக்கானை மனைவி பிடிப்பார். இரண்டும் சேர்ந்தால் சுமார் 50 டன் சரக்கு. 1948இல் கால்வாய்கள் அரசுடைமை ஆயின. லாரிகள் பெருகின. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் படகையே நம்பியிருந்தார்கள்.

1962 டிசம்பர் கடைசியில் கடும் குளிர் இறங்கியது. கால்வாய்த் தண்ணீர் உறைந்து கல்லாயிற்று. பனி உடைக்கும் படகுகளாலும் முடியவில்லை. சரக்கு ஏற்றிய படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. 1963 மார்ச் வரை இந்த நிலை. பயணம் முடித்தால்தான் படகுக்காரருக்குக் கூலி. ஆகவே வருமானம் நின்றது. ஆலைக்காரர் என்ன செய்வார்? அடுப்பு அணையக் கூடாதே! லாரிக்குச் சொல்லி அனுப்பினார். லாரி வந்தது. சரக்கு சேர்ந்தது.

மார்ச்சில் பனி உருகியது. ஆனால் போன சரக்கில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. 1963 ஜனவரி 1ஆம் தேதி, சரியாகப் பனியின் நடுவே, கால்வாய்களைப் புதிதாகப் பொறுப்பேற்ற அரசு வாரியம், அந்த ஆண்டிலேயே தன் ஒடுக்கப் படகுச் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதியை மூடிவிட்டது.

பனிதான் கொன்றது என்று சொல்வது பாதி உண்மை. நல்ல சாலைகள் வந்துவிட்டன. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் வந்துகொண்டிருந்தது. படகுத் தொழில் முன்பே நஷ்டத்தில்தான் இருந்தது. ஆனால் அதுவரை அந்த ஆலைக்காரர்களை லாரிப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது எது? பழக்கம். "காலங்காலமாக அவரிடம்தான் வாங்குகிறோம்" என்ற பழக்கம். மூன்று மாதம் சரக்கு வராததால் அந்தப் பழக்கம் அறுந்தது. அறுந்த பிறகுதான் அவர்கள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

சில படகுக் குடும்பங்கள் அதன் பிறகும் விடாமல் ஓட்டின. அவற்றுள் கடைசி வழக்கமான நெடுந்தூர ஒப்பந்தம் நம் துறையைச் சேர்ந்தது. மளிகை மொத்த வியாபாரத்தில் பெயர் பெற்ற கியர்லி அண்ட் டாங் நிறுவனத்துக்கு லண்டனை அடுத்த சவுத்தாலில் ஜாம் ஆலை இருந்தது. அந்த ஆலைக்கு ஆதர்ஸ்டன் பகுதியிலிருந்து படகில் நிலக்கரி போயிற்று. படகுக்காரர்கள் அதை 'ஜாம் ஓல்' ஓட்டம் என்று கொச்சையாகச் சொல்வார்கள். 1970இல் அதுவும் நின்றது.

படகே வீடு, பாலத்தின் எண்ணே முகவரி

சரக்கு போன பிறகு கால்வாய்களைத் தூர்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதை எதிர்த்தவர்கள் உண்டு. எல்.டி.சி. ரோல்ட் என்பவர் 1939இல் 'கிரெஸி' என்ற படகில் மனைவியோடு பயணம் போய், அதைப் புத்தகமாக எழுதி 1944இல் வெளியிட்டார். படித்தவர்கள் மனம் மாறியது. 1946இல் அவரும் ராபர்ட் எய்க்மன் என்பவரும் சேர்ந்து கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1968இல் வந்த சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்கென்று காப்பாற்றி வைத்தது.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழியை, 2012இல் பொறுப்பேற்ற கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அதில் 30,000க்கும் மேற்பட்ட படகுகள் உள்ளன. விடுமுறைக்கு வாடகைப் படகு எடுப்பவர்கள் ஒருபுறம். ஆண்டு முழுவதும் படகிலேயே குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் மறுபுறம். வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடந்து போகிறவர் முந்திக்கொண்டு போய்விடலாம்!

இவர்களில் பலருக்கு நிலையான துறை கிடையாது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப்பட்ட படகு பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கோடையிலும் பனியிலும், வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை உள்ளவரும் இதைச் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் லாக் பழுதுபார்க்க வழியை அடைப்பார்கள். 2025 கோடையில் மழை பொய்த்துத் தண்ணீர் குறைந்ததால் பல கால்வாய்கள் மூடப்பட்டன. 2024 ஏப்ரல் முதல் நிலையான துறை இல்லாத படகுகளுக்கு லைசென்ஸ் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் வந்தது. முதலில் 5 சதவீதம். ஆண்டுதோறும் கூடி 25 சதவீதம் வரை போகும்படி அறிவித்தார்கள். குறைந்த செலவில் குடியிருக்கலாம் என்று வந்தவர்கள் இப்போது கணக்குப் பார்க்கிறார்கள்.

படகில் குழாயும் இல்லை, மின்கம்பமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியைக் கரையிலுள்ள குழாயில் நிரப்ப வேண்டும். மின்சாரம் கூரை மேலுள்ள சூரியத் தகட்டிலிருந்தும் இன்ஜினிலிருந்தும் பேட்டரியில் ஏறும். குளிருக்கு நிலக்கரி அடுப்பு. சமையலுக்கு கேஸ் சிலிண்டர். இவை தீர்ந்தால் எங்கே போவது? கடை தூரத்தில். கரைப்பாதையோ சேறு. 25 கிலோ நிலக்கரி மூட்டையை யார் தூக்கி வருவது?

பழைய ஓடம் மறுபடி கிளம்பியது

இங்கேதான் நம் பழமொழியின் இரண்டாம் பாதி வருகிறது. நிலக்கரி, டீசல், கேஸ் சிலிண்டர் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு எரிபொருள் படகுகள் கால்வாய் நெடுகப் போகின்றன. அவற்றுள் சில, 1930களில் சரக்குக்காகவே கட்டிய அதே பழைய படகுகள். ஆலைக்கு டன் கணக்கில் இறக்கிய படகு, இன்று ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு மூட்டை, அடுத்தவருக்கு ஒரு சிலிண்டர் என்று இறக்குகிறது. மொத்த வியாபாரம் சில்லறை வியாபாரமாக மாறிற்று, ஆனால் பிழைத்துக்கொண்டது.

இந்த வியாபாரத்தின் நுணுக்கத்தைப் பாருங்கள். வாடிக்கையாளர் 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறார். தெருப்பெயரோ கதவு எண்ணோ இல்லை. ஆனால் ஒவ்வொரு பாலத்துக்கும் எண் உண்டு. "இத்தனையாம் பாலத்தின் அருகில் நிற்கிறோம்" என்று சொன்னால் அதுவே முகவரி. படகுக்காரர் எந்த வாரம் எந்தப் பகுதிக்கு வருவார் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுவார். கரையிலுள்ள பெரிய கடையில் நிலக்கரி மூட்டை சற்று மலிவாகக்கூடக் கிடைக்கலாம். ஆனால் மூட்டை படகின் கூரை மேல் வந்து இறங்க வேண்டும். டீசல் நேராகத் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதைச் செய்வது இவர் ஒருவரே. மெல்லிய பனி என்றால் கனமான இந்தப் படகு அதை உடைத்துக்கொண்டே போவதும் உண்டு. குளிரில்தானே நிலக்கரி வேண்டும்? 1963இல் நின்ற இடத்தில் நின்ற தொழில், இன்று அதே பனியில் வாடிக்கையாளரைத் தேடிப் போகிறது.

எரிபொருளோடு முடியவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழைய புத்தகம் விற்பவர், முடிதிருத்துபவர், படகுக்குக் கயிறு முடைபவர் என்று பலரும் படகிலேயே கடை வைத்திருக்கிறார்கள். இதற்கெனத் தனி வியாபார லைசென்ஸ் உண்டு. நாள் குறித்துப் பல படகுக் கடைகள் ஓரிடத்தில் கூடி மிதக்கும் சந்தை நடத்துவதும் உண்டு.

நம் பேரேட்டில் எழுத வேண்டியது

கைப்பேசியைத் தொட்டால் சில நிமிடத்தில் மளிகை வாசலுக்கு வருகிற காலம் இது. நம் கடைத்தெருவில் கவலை இருக்கிறது. அந்தக் கவலையைப் பொய் என்று சொல்ல மாட்டோம். லாரியை எதிர்த்துப் படகு வேகத்தில் ஜெயித்ததாக வரலாறு இல்லை. பெரிய முதலீட்டோடு விலையிலும் வேகத்திலும் மோதி நாமும் ஜெயிக்கப் போவதில்லை. ஆனால் இந்தக் கால்வாய்க் கதையில் மூன்று கணக்குகள் தெளிவாக நிற்கின்றன.

முதலாவது, சரக்கு இல்லை என்று சொல்லும் நாள் ஆபத்தான நாள். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவதில்லை. அவசரத்துக்கு வேறு வழி பார்க்கிறார். அந்த வழி பழகிவிடுகிறது. வழக்கமாக வாங்குகிறவர் கேட்ட சாமான் இல்லை என்றால், பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடுத்தனுப்புவது நஷ்டமல்ல.

இரண்டாவது, எடை மிகுந்ததும், தூக்கிப் போகச் சிரமமானதும் எதுவோ அதில்தான் சிறு வியாபாரிக்கு இடம் இருக்கிறது. அரிசி மூட்டை, எண்ணெய் டின், தண்ணீர் கேன் ஆகியவற்றை மாடிப்படி ஏறி, சமையலறை வரை கொண்டுபோய் வைத்து, பழைய டின்னை எடுத்துவரும் பையன் நம் கடையில் இருக்கிறானா?

மூன்றாவது, சொன்ன நாளில் போய் நிற்பது. எரிபொருள் படகு மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் போகிறது. அதை நம்பி ஒரு குடும்பம் அடுப்பில் கடைசிக் கரியைப் போடுகிறது என்றால், அந்த நம்பிக்கை வேகத்தால் வந்ததல்ல. வருவதாகச் சொன்ன வாரத்தில் அது வந்துவிடும் என்பதால் வந்தது.

உறுப்பினர்கள் இன்று இரவு கடை அடைக்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். கடன் நோட்டைப் புரட்டி, மூன்று மாதமாக வராத வாடிக்கையாளர்களின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொருவரும் கடைசியாகக் கேட்டு, நம்மிடம் இல்லை என்று திரும்பிப் போன சாமான் எது என்று நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். கண்டுபிடித்துவிட்டால் நாளைக்கே அந்தச் சாமானோடு அவர் வீட்டு வாசலுக்குப் போய் விசாரித்துவிட்டு வரலாம். மூன்று மாதம் என்பது அதிக நாள் இல்லை. ஆனால் 1963இல் ஒரு தொழிலின் வாடிக்கையை இழக்க அந்த மூன்று மாதமே போதுமானதாக இருந்தது.